குறுக்கே போன பிளேன்டி

ஜெயந்தினிக்கு இரண்டு வேலைகள் நன்றாகக் கைவந்திருந்தன. ஒன்று, கொழுந்து எடுப்பது. மற்றது, கேட்ட நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வது.

முதலாவதைத் தோட்டம் கற்றுக்கொடுத்தது. இரண்டாவதை லயம் கற்றுக்கொடுத்தது. இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே, ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் அடைந்து கிடக்கும் அந்த லயத்தில் யாராவது பெண் பார்க்கப் புறப்பட்டால், பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பினால், முதலில் ஒரு குரல் வரும். "ஜெயந்தினி, கொஞ்சம் உள்ள இரு புள்ள." குரலில் வெறுப்பு இருக்காது. மழை வருகிறது, துணியை எடு என்பதுபோலத்தான் சொல்வார்கள். அவளும் துணியை எடுப்பதுபோலத்தான் கதவைச் சாத்துவாள். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் விதவை படக்கூடாதாம்.

அவளுடைய கணவன் சுதாகரன் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது குளவி கொட்டிச் செத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. கொழுந்து லொறி வரும்வரை அவனைப் பாதையோரத்தில் கிடத்தி வைத்திருந்தார்கள். வண்டி ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் சாதகத்தில் என்ன கோளாறு என்று எல்லோரும் கேட்டார்கள். குளவிக்குச் சாதகம் பார்க்கத் தெரியாது. மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது, வண்டி கேட்கத்தான் தெரியவில்லை.

அப்படிக் கதவைச் சாத்திப் பழகிய ஜெயந்தினியின் வாழ்க்கைக்குள், கதவு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு உயிர் வந்து சேர்ந்தது.

காட்டுப்பன்றிக்காக யாரோ தேயிலைக்குள் கட்டிவைத்த கம்பிச் சுருக்கில் ஒரு தாய்ப்பூனை மாட்டிச் செத்துக் கிடந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டு போன ஜெயந்தினிதான் முதலில் பார்த்தாள். பக்கத்துத் தேயிலைச் செடியின் அடியில், காய்ந்த இலைகளுக்குள், உள்ளங்கையில் அடங்குகிற அளவில் ஒரு கறுப்புக் குட்டி. கண் அப்போதுதான் திறந்திருந்தது. காதுகள் இன்னும் மடங்கியே இருந்தன.

அடுத்த நிரையில் நின்ற பிரியந்தி எட்டிப் பார்த்தாள். ஜெயந்தினியோடு ஒன்றாகவே மலைக்கு வந்து ஒன்றாகவே திரும்புகிறவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அக்கா, கறுப்பு. அங்கேயே விட்ருங்க."

"கறுப்புன்னா என்னா?"

"குறுக்க போனா ஆகாதும்பாங்க."

"நான் குறுக்க போனாலுந்தான் ஆகாதும்பாங்க. என்னயத் தூக்கி எறிஞ்சிட்டியா?"

பிரியந்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "உங்களத் தூக்க முடியாதுக்கா, கனம்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குட்டி ஜெயந்தினியின் கம்பளிச் சட்டைக்குள் போய்விட்டது.

அது பசியில் கத்தியது. மலையில் பாலுக்கு எங்கே போவது? போத்தலில் இருந்தது பிளேன்டி, பாலில்லாத வெறும் தேநீர். ஜெயந்தினி விரலை அதில் நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தாள்.

"அக்கா, பூனைக்கு பிளேன்டியா?" என்று கேட்டவளும் பிரியந்திதான், பதில் சொன்னவளும் அவள்தான். "ஏன், எங்கம்மா எனக்கும் தம்பிக்கும் அதத்தானே குடுத்தாங்க. விடியக் காலையில பேரு குடுக்க பெரட்டுக்குப் போவணும்ல. சீனி போட்டு ஒரு போத்தல் பிளேன்டிய தொட்டிலுக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போயிருவாங்களாம்."

உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்பும் மலையில், தாய்ப்பால் கட்டிய மார்போடு பெண்கள் கொழுந்து எடுத்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் சாயத் தண்ணீர் குடித்தன. அந்தப் பழக்கம்தான் ஜெயந்தினியின் விரலில் வந்து நின்றது. பசித்தால் பிளேன்டி என்று கைக்குத் தோன்றியது.

குட்டி ஒரு சொட்டை நக்கியது. முகத்தைச் சுளித்தது. அடுத்தடுத்துத் தும்மிவிட்டு, இதற்கு நான் செத்தே போகிறேன் என்பதுபோல அவளைப் பார்த்தது. அதற்குப் பெயர் பிளேன்டி என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அன்று மாலையே ஜெயந்தினி நோர்வூட் பஸாருக்கு இறங்கினாள். நஜீமின் இரும்புக் கடையில் ஆணி மூட்டைகளின் மேலும் வாளிகளுக்குள்ளும் எப்போதும் பூனைகள் தூங்கும். எல்லாம் நஜீமின் தாயார் ஆமினா உம்மா வளர்ப்பவை. அவர் குட்டியை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "பொட்டக் குட்டி. என்ன குடுத்தீங்க மகள்?" என்று கேட்டார்.

"பிளேன்டி, உம்மா."

"நல்ல வேள, பிஸ்கட்டும் சேத்துக் குடுக்கல்ல." ஆமினா உம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஆட்டுப் பால் இருக்கா? அதத் தண்ணி கலந்து, இளஞ்சூட்டுல குடுங்க. மல்லாக்கப் போட்டுக் குடுக்கப்படாது. குப்புறப் படுக்க வச்சிக் குடுக்கணும். இல்லாட்டி நெஞ்சுக்குள்ள போயிரும். குடிச்ச பொறகு ஈரத் துணியால பின்பக்கம் தொடச்சி விடுங்க. தாய் நக்கி விட்டாத்தான் குட்டி ஒண்ணுக்கு இருக்கும். இப்ப நீங்கதானே தாய்."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு ஜெயந்தினி குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இருந்தாலும் வேகமாக நடந்தாள்.

பால் பிரியந்தியின் ஆட்டிலிருந்து வந்தது. அவள் மகனின் சொட்டு மருந்துப் போத்தலில் இருந்த ரப்பர் குழாய் முலைக்காம்பு ஆனது. சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றிய சோடாப் போத்தல் தாயின் வயிறு ஆனது. பகலில் குட்டி ஜெயந்தினியின் கம்பளிச் சட்டைக்குள் இருந்து மலைக்கு வந்தது. தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் ரொட்டி தின்னும்போது அது பால் குடித்தது. குடித்ததும் அதன் வயிறு சின்ன உருளைக்கிழங்குபோல உருண்டுவிடும். அந்த உருளைக்கிழங்கைத் தடவிப் பார்க்க ஒவ்வொரு பெண்ணாக வந்தார்கள். கறுப்பு ஆகாது என்று சொன்னவர்களும் வந்தார்கள்.

கங்காணி யோகேஸ்வரனுக்கு மட்டும் விஷயம் தெரியாது. மலையில் அந்தப் பெண்களை மேய்ப்பவர் அவர். கோயில் கமிட்டித் தலைவர். லயத்தின் கடைசி வீட்டுக்காரர். கெட்ட மனிதர் அல்ல. சுதாகரன் செத்தபோது பெட்டி தூக்கியவர். ஆனால் பல்லி கத்தினால் நின்று, எந்தத் திசை என்று விசாரித்துவிட்டு நடப்பவர். "உள்ள இரு புள்ள" என்பதை அதிகம் சொன்ன வாய் அவருடையதுதான்.

ஒருநாள் அவர் நிரைக்குள் நின்றுகொண்டிருந்தபோது ஜெயந்தினியின் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மீய்."

"யாரு அது?"

"எனக்குத் தடுமன் அண்ணே" என்றாள் பிரியந்தி.

"மீய்ய்."

"ரொம்பத் தடுமன்."

யோகேஸ்வரன் நேராக ஜெயந்தினியிடம் வந்தார். சட்டையின் கழுத்து வழியாக ஒரு கறுப்புத் தலை வெளியே வந்து அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"இந்தா பாரு ஜெயந்தினி. பூனை வளக்குறது தப்புன்னு சொல்லல. ஆனா கறுப்பு. லயத்துல வேண்டாம். எங்க மக நிலக்ஷிக்கு இன்டர்வியூ வருது. நாலு பேரு நல்லது கெட்டதுக்குப் போற வாசல்."

"பால் குடிக்கிற குட்டி அண்ணே. இப்ப விட்டா செத்துப் போயிரும்."

அவர் குட்டியைப் பார்த்தார். குட்டி அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடிக்கக் கையை நீட்டியது. "சரி. தானா தின்னுற வரைக்கும் வச்சிக்க. தின்ன ஆரம்பிச்சதும் பஸாருல அந்த உம்மாகிட்ட குடுத்துரு. பேச்சு பேச்சுதான்."

அன்றிலிருந்து ஜெயந்தினிக்கு ஒரு விசித்திரமான கவலை பிடித்துக்கொண்டது. குட்டி வளர்வதைப் பார்க்கச் சந்தோஷம். வளர்ந்தால் போய்விடும். அது சோற்றில் வாய் வைக்கிற நாள்தான் பிரிகிற நாள்.

அந்த நாள் வந்தது. ரப்பர் குழாயை பிளேன்டி சப்பாமல் கடித்தது. ஊசிபோலப் பற்கள் முளைத்திருந்தன. ஜெயந்தினி உப்பில்லாமல் அவித்த நெத்தலியைக் குழைந்த சோற்றோடு பிசைந்து விரல் நுனியில் நீட்டினாள். குட்டி மோந்தது. நக்கியது. பிறகு உறுமிக்கொண்டே விரலையும் சேர்த்துக் கடித்தது. அடுத்த நாள் விரலே வேண்டாம் என்று தட்டுக்குள் நான்கு கால்களையும் வைத்து நின்று தின்றது. மீசை, காது, வால் நுனி எல்லாவற்றிலும் சோறு.

"தானா தின்னுது!" என்று கத்திய பிரியந்தியின் வாயை ஜெயந்தினி பொத்தினாள்.

அதன் பிறகு நடந்தது ஒரு நாடகம். கதவுக்குப் பின்னால் பிளேன்டி நெத்தலியும் கருகாத ரொட்டித் துண்டும் முட்டையும் தின்றது. யோகேஸ்வரன் வாசலில் போகும்போது ஜெயந்தினி அதை மடியில் போட்டு ரப்பர் குழாயை வாயில் திணித்தாள். குட்டிக்கு அது விளையாட்டு. பாதி உடம்பு மடிக்கு வெளியே தொங்க, குழாயைப் பிடித்துக் குதறியது.

"இன்னுமா பால் குடிக்குது?" என்றார் யோகேஸ்வரன்.

"மெலிஞ்ச குட்டி அண்ணே."

அவர் அந்த மெலிந்த குட்டியின் தொப்பையை நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

காட்டிக்கொடுத்தது லயம்தான். அதைக் கட்டிய துரைமார் கல்லை மிச்சம் பிடித்தார்கள். வீட்டுக்கு வீடு நடுவில் எழுப்பிய சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நிற்கும். ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்மல். ஒரு வீட்டுச் சண்டைக்கு அடுத்த வீட்டில் தீர்ப்பு. துரைமார் போய், கம்பனிகள் வந்து, தேர்தலுக்குத் தேர்தல் புது வீட்டு வாக்குறுதிகளும் வந்துபோய்விட்டன. சுவர் மட்டும் இன்னும் மேலே ஏறவில்லை. மனிதர்களுக்கு அவமானமான அந்த இடைவெளி பிளேன்டிக்கு ராஜபாட்டை.

விறகுக் கட்டின் மேல் ஏறியது. அங்கிருந்து அரிசி வாளி. அங்கிருந்து துணிக்கொடி, அது ஆடியதால் விழுந்தது. மறுநாள் விழவில்லை. ஒரு பிற்பகல் சுவரின் தலையில் நின்று, இப்படி ஒரு உலகம் இருப்பதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதுபோல ஜெயந்தினியைக் குனிந்து பார்த்தது. பிறகு வாலைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பக்கமாக நடந்தது. அங்கே யாரோ, "அடடே, வாங்க வாங்க" என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் சட்டி உருண்டது. லயம் முழுக்க அதன் பயணம் சத்தமாகவே கேட்டது.

கடைசி வீட்டில் சத்தம் நின்றுவிட்டது. அதுதான் ஜெயந்தினியைப் பயமுறுத்தியது.

யோகேஸ்வரன் கருவாட்டுக் குழம்போடு சாப்பிட உட்கார்ந்து, தண்ணீர் எடுக்க எழுந்திருந்தார். திரும்பி வந்தபோது தட்டில் பிளேன்டி. அவரைப் பார்த்தும் ஓடவில்லை. பெரிய துண்டை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்து, அவர் பங்கு கேட்டுவிடுவாரோ என்று உறுமியது.

அவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் வாயில் கருவாட்டு வால் இன்னும் இருந்தது. "பால் குடிக்கிற குட்டியா இது? ஏன்டி, எனக்கே நாடகமா?"

ஜெயந்தினி கையை நீட்டிக் குட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில நிலக்ஷி போறா. அவ போற வரைக்கும் கதவச் சாத்தி வச்சிரு. அதையும், நீயும்... உனக்குத் தெரியும்தானே. சாயந்தரம் பஸாருக்குக் கொண்டு போயிரு."

நிலக்ஷிக்குக் கண்டியில் ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. அடுப்புப் புகையில் கண் எரிய எரியப் படித்த பெண். நாட்டின் எல்லா ஊர்ப் பிள்ளைகளோடும் போட்டிபோட்டு அதுவரை வந்திருந்தாள். அவளுக்குத் தடையாக இருந்தவை புத்தகம் இல்லாத பள்ளிக்கூடமும் நேரத்துக்கு வராத பஸ்ஸும். ஆனால் வீட்டில் எல்லோரும் பூனைக்குத்தான் பயந்தார்கள்.

மறுநாள் காலை ஜெயந்தினி கதவைச் சாத்தினாள். பிளேன்டியைப் பஸாருக்குக் கொண்டுபோக அட்டைப் பெட்டியில் பழைய கம்பளித் துணியை விரித்து வைத்திருந்தாள். குட்டி பெட்டியை மோந்து பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு விறகு, வாளி, கொடி, சுவர். "அடியே, வேண்டாம்டி, எறங்குடி" என்று ஜெயந்தினி கெஞ்சக் கெஞ்ச, அதன் வால் அடுத்த வீட்டுப் பக்கம் மறைந்தது.

கடைசி வீட்டு வாசலில் நிலக்ஷி வெள்ளைச் சேலையில் காலை எடுத்து வைத்தாள். உள்ளே சுவரிலிருந்து குதித்த பிளேன்டி வாசலைத் தாண்டி, அவளுக்கு முன்னால் இடமிருந்து வலமாக, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்துபோனது.

லயமே மூச்சைப் பிடித்தது. அதே நேரம் குட்டியைப் பிடிக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்த ஜெயந்தினி நேர் எதிரே வந்து நின்றாள். பூனையும் விதவையும்.

"உள்ள வா!" யோகேஸ்வரன் மகளின் கையைப் பிடித்தார். "உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ. கொஞ்ச நேரம் போகட்டும்."

"கொஞ்ச நேரம் போனா பஸ் போயிரும்ப்பா."

"அடுத்த பஸ்ஸுல போ."

"அடுத்த பஸ்ஸுல போனா இன்டர்வியூ போயிரும். அதுக்கு எந்தப் பூனை குறுக்க போச்சின்னு சொல்லுவீங்க?"

ஜெயந்தினி திரும்பி உள்ளே போக அடியெடுத்தாள். பழகிய கால்கள் தாமாகவே நகர்ந்தன.

"அத்தை, நில்லுங்க." நிலக்ஷி குனிந்து குட்டியைத் தூக்கினாள். சேலையில் கறுப்பு முடி ஒட்டியது. "நான் தேறுனா அது நான் படிச்சது. தேறலன்னாலும் என்னாலதான். இத இதுல இழுக்காதீங்கப்பா. நீங்க வாங்க அத்தை, என்கூட பஸ் வரைக்கும்."

பூனைகளுக்கு முன்னால் தினமும் எத்தனையோ மனிதர்கள் குறுக்கே போகிறார்கள். அதற்காக ஒரு பூனையும் வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்து தண்ணீர் குடித்ததில்லை. அவ்வளவு அறிவு மனிதனுக்கு வர இத்தனை ஆயிரம் வருஷங்கள் போதவில்லை. அன்று ஒரு பெண்ணுக்கு வந்தது.

இருவரும் தேயிலைக்கு நடுவே இறங்கி நடந்தார்கள். குட்டி ஜெயந்தினியின் தோளில் ஏறிக்கொண்டு இருபுறமும் பார்த்தது. ஒரு நல்ல காரியத்துக்குப் போகிறவளின் பக்கத்தில் நடந்து ஜெயந்தினிக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பஸ் புறப்பட்டபோது நிலக்ஷி ஜன்னலில் கத்தினாள்: "நான் வரும்போது அது லயத்துல இருக்கணும்!"

இருந்தது. மகள் கோபித்துக்கொள்வாள் என்று யோகேஸ்வரன் வாயைத் திறக்கவில்லை. முடிவு வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்தார். அட்டைப் பெட்டி அப்படியே விறகுப் பக்கத்தில் கிடந்தது. ஜெயந்தினி அதைப் பார்க்காமல் நடக்கப் பழகினாள்.

சில வாரங்கள் கழித்து நிலக்ஷியின் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. தேறியிருந்தாள்.

லயத்தில் பட்டாசு வெடித்தது. யோகேஸ்வரன் இலையில் பொதிந்த பெரிய மீன் துண்டோடு ஜெயந்தினி வீட்டுக்கு வந்தார். "ஜெயந்தினி, அது எங்கயும் போகக் கூடாது. ராசியான குட்டி. நீயும் அன்னைக்கு எதுக்க வந்தது..."

"எங்கயும் போகாதா அண்ணே?" அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. அன்றே அட்டைப் பெட்டியை உடைத்து அடுப்பில் போட்டாள்.

மற்ற வார்த்தைகளின் அர்த்தம் மறுநாள் புரிந்தது. அட்டன் பஸாரில் கடன் கேட்கப் போகிறவர், வெளிநாட்டு வேலைக்குப் போட்டோ எடுக்கப் போகிற பிள்ளை, பக்கத்துத் தோட்டத்தில் பெண் கேட்கப் போகிறவர்கள் எல்லோரும் கதவைத் தட்டினார்கள். "அக்கா, பூனையக் கொஞ்சம் குறுக்க விடுங்களேன். நீங்களும் அப்படியே எதுக்க வாங்க." முன்பு உள்ளே இரு என்றவர்கள் இப்போது வெளியே வா என்றார்கள். அழைப்பு மாறியது; பைத்தியம் மாறவில்லை.

ஒரு காலை, புது மலையில் கொழுந்து எடுக்கும் நாள். முதல் கைப்பிடிக் கொழுந்தைக் கூடையில் போட்டு எல்லோரும் "பொலியோ பொலி" என்று கூவித் தொடங்குகிற வழக்கம். விளைச்சல் பெருக வேண்டும் என்று முதல் கையாக ஒரு சுமங்கலியைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை யோகேஸ்வரன் ஜெயந்தினியைக் கூப்பிடப்போகிறாராம். அதற்கும் முன்னால் பிளேன்டி குறுக்கே போக வேண்டுமாம். கூடைகளோடு லயத்துப் பெண்கள் முழுவதும் வாசலில் காத்து நின்றார்கள்.

பிளேன்டி நடுவாசலில் உட்கார்ந்திருந்தது. ஒரு காலைத் தூக்கி நக்கியது. பிறகு மற்றக் காலை. "போடி ராசாத்தி" என்றார் யோகேஸ்வரன். அது அவரைப் பார்த்துவிட்டு வயிற்றை நக்க ஆரம்பித்தது. பெரட்டுக்கு அடிக்கிற மணி கேட்டது.

"அண்ணே, நேரம் போகுது" என்றாள் பிரியந்தி. "பூனை வயிறு கழுவி முடிக்கிறதுக்குள்ள நம்ம அர நாள் சம்பளத்தக் கழிச்சிருவாங்க."

ஜெயந்தினி கூடையை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

"கங்காணி அண்ணே. நான் கெட்ட சகுனமும் இல்ல, நல்ல சகுனமும் இல்ல. கொழுந்து எடுக்க வந்தவ. அது பூனை. கருவாடு தின்னும், தூங்கும். பொலிய எல்லாரும் சேந்து போடுவோம். எல்லாரும்தானே எடுக்கப் போறோம்?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. காத்து நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், நக்கிக்கொண்டிருந்த பூனையை ஒதுங்கித் தாண்டி நடந்தாள். பிரியந்தி சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் நடந்தார்கள். கடைசியில் யோகேஸ்வரன் குனிந்து, யாரும் பார்க்காதபடி குட்டியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு வேகமாக நடந்தார்.

எல்லோரும் போன பிறகு பிளேன்டி எழுந்து, வெறும் வாசலில் குறுக்கே நடந்து, ஜெயந்தினி திறந்து விட்டுப்போன கதவு வழியாக உள்ளே போய்ப் படுத்தது.

மலையில் அந்தக் காலையில் முதல் கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எல்லாக் கைகளும் ஒன்றாக விழுந்தன. பொலிச் சத்தம் நோர்வூட் வரைக்கும் கேட்டிருக்கும்.